பிரித்துப் பார்க்காத ஜாயின்ட்

எனக்குக் கோபம் வந்தால் காது கேட்காது. இது என் மனைவி சொல்வது. அவள் இதை முதல்முறை சொன்னபோதும் நான் கோபத்தில்தான் இருந்தேன். அதனால் அது என் காதில் விழவே பல வருஷம் ஆனது.

நான் கார்களுக்கு ஒயரிங் வேலை செய்கிறவன். கீழே கடை, மேலே வீடு. முன்பு இந்தக் கடையில் இரண்டு பேர் இருந்தோம், நானும் என் மச்சானும். மச்சான் என்றால் என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். அதற்கும் முன்னால் என் கூட்டாளி, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் என்னோடு சேர்ந்து படித்தவன். அவன் இடதுகைக்காரன். ஸ்க்ரூடிரைவர், பேனா, டீ கிளாஸ் எல்லாம் இடது கையில்தான். அதனால் லெஃப்ட்டு என்று பெயர் விழுந்தது. பக்கத்தில் நின்ற பாவத்துக்கு எனக்கு ரைட்டு என்று வைத்தார்கள். எதற்கெடுத்தாலும் நான் சொல்வதுதான் ரைட்டு என்று நிற்பேன், அதனாலும் இருக்கலாம். எங்கள் பெயர்ப் பலகையை யாரும் படித்ததில்லை. லெஃப்ட்டு ரைட்டு கடை என்று சொன்னால் போதும், வண்டி வந்து சேர்ந்துவிடும்.

அந்த லெஃப்ட்டு எங்கள் வாசலை மிதித்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஒரு காரின் அலாரம் கத்தாமல் போனது அவனால்தான் என்று நான் சொன்னேன். இல்லை என்று அவன் சொன்னான். சண்டை அவ்வளவுதான். அவன் சொன்னது உண்மை என்றால், நான் அநியாயமாக என் மனைவியின் அண்ணனை வீட்டை விட்டுத் துரத்தியவன். நான் சொன்னது உண்மை என்றால், நான் கொஞ்சம் கோபக்காரன், அவ்வளவே. இரண்டாவதுதான் நான் என்று இத்தனை வருஷம் வயிறாரச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் அந்தக் கார் வந்தது. வெளிர்நீலம், முன்பக்க விளிம்பில் மட்டும் துரு. பார்ப்பதற்கு முன்பே கதவுச் சத்தத்தில் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. இப்போது வருகிற கார்க்கதவுகள் ரகசியம் பேசுவதுபோல மூடுகின்றன. இது மட்டும் இரும்பு பீரோவைச் சாத்துகிற சத்தம் போடும்.

ஓட்டி வந்தது முப்பது வயது இருக்கும் ஒரு பெண். "சார், பழைய அலாரம் ரிப்பேர் பண்ணுவீங்களா?" என்றாள். "ரிமோட்ட அமுக்கினா லைட்டெல்லாம் மின்னுது, ஹார்ன் மட்டும் கத்தல. ரெண்டு கடையில கேட்டுட்டேன். கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டுங்கன்னுட்டாங்க."

"சரியாத்தான சொல்லியிருக்காங்க. இப்ப எவ்வளவோ நல்ல அலாரமெல்லாம் வந்தாச்சும்மா."

"எனக்கு இந்தச் சத்தம்தான் சார் வேணும். சின்ன வயசுல அப்பா வண்டியப் பூட்டினா கீக் கீக்னு ரெண்டு தடவ கேக்கும். அதக் கேட்டதும்தான் டிவிய அணைச்சுட்டுப் புத்தகத்தத் தேடுவோம். இப்ப அப்பாவுக்குக் கண்ணு சுத்தமாத் தெரியல. வண்டிய எனக்குக் குடுத்துட்டாரு. நான் வந்துட்டேன்னு அவருக்கு இந்தச் சத்தத்துலதான் தெரியும்."

அப்பா யார் என்று நான் கேட்கவில்லை. அந்தக் காரின் சொந்தக்காரரான பல் டாக்டரின் மூக்கு அப்படியே அவள் முகத்தில் இருந்தது. "அப்பாதான் உங்க கடைய சொன்னாரு. ரெண்டு பேர் இருப்பாங்க, மாட்டினதே அவங்கதான்னாரு" என்று சொல்லிவிட்டு, இரண்டாவது ஆளைத் தேடுகிறவள்போலக் கடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாங்க" என்று சாவியை வாங்கிக்கொண்டேன். குரல் கொஞ்சம் வெடுக்கென்று வந்துவிட்டது.

அவள் போனபின் காருக்குப் பக்கத்தில் சும்மா நின்றேன். வேலைக்காரன் வண்டிக்குப் பக்கத்தில் சும்மா நிற்கக் கூடாது, கடைக்கு அழகில்லை. ஆனாலும் நின்றேன்.

இதற்கு அலாரம் மாட்டின காலத்தில் இரண்டு மூன்று வருஷத்துக்கு எல்லோருக்கும் அலாரப் பைத்தியம் பிடித்திருந்தது. கம்பெனியிலிருந்து எதுவும் மாட்டி வராத காலம். புதுக் காரை வீட்டுக்குக் கூடக் கொண்டுபோகாமல் நேராக எங்களிடம் கொண்டுவருவார்கள். ஓர் அட்டைப் பெட்டிக்குள் எல்லாம் இருக்கும். உள்ளங்கை அகலத்தில் அலாரம் பெட்டி, வண்டி ஆடினால் காட்டிக்கொடுக்கிற சென்சர், இரண்டு ரிமோட், கறுப்பாக ஒரு ஹார்ன், பூனைக்குட்டி விளையாடிவிட்டுப் போன நூல்கண்டு மாதிரி ஒயர். எப்படி மாட்டுவது என்று ஒரு காகிதமும் இருக்கும். அது எந்த பாஷை என்று எழுதினவனுக்கே தெரிந்திருக்காது. நாங்கள் அதை டீ கிளாசுக்கு அடியில் வைத்துக்கொள்வோம்.

டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்வது நான். பானெட்டுக்குள் குனிந்து வேலை செய்வது லெஃப்ட்டு. நடுவில் ஒரு தகரச் சுவர், அதில் பெருவிரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. நான் உள்ளேயிருந்து ஒயரைத் தள்ளுவேன், அந்தப் பக்கம் அவன் பிடித்துக்கொள்வான். "வந்துச்சா?" "வா, வா, வா… போதும்." ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அவன் ஒரு தடவை சுண்டி இழுத்தால் ஒயர் கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு தடவை இழுத்தால் டீ வந்துவிட்டது, வெளியே வா என்று அர்த்தம். சில நாள் டீயே வந்திருக்காது. என்னைத் தவழவிட்டு வெளியே இழுத்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உதடு விரிகிறது, பாழாய்ப்போனவன்.

ஒயரோடு ஒயரை முறுக்கிச் சேர்க்கிற ஜாயின்ட்டுகளுக்கு ஈயத்தை உருக்கி வைப்பது எப்போதும் அவன் வேலை. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. நான் வைத்த ஈயம் சளிப்பிடித்த மூக்கு மாதிரி இருக்கிறது என்பான். கம்பியை முறுக்குவதில் மட்டும் இரண்டு பேரும் சமம். ஆனால் அவன் முறுக்கினால் இடது பக்கம் சுற்றிக்கொண்டு போகும், நான் முறுக்கினால் வலது பக்கம். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அது மாறாது. டேப்பைப் பிரித்து விரலால் தடவினால் போதும், இது யார் போட்ட ஜாயின்ட் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

பல் டாக்டர் காருக்கு அலாரம் மாட்டி நாலு மாதம் இருக்கும். கிளினிக் வாசலில் நிறுத்தியிருந்த காரின் கண்ணாடியை யாரோ உடைத்துவிட்டார்கள். அலாரம் மூச்சு விடவில்லை. பாட்டுப்பெட்டி போயிற்று. பின் சீட்டில் இருந்த ஓர் அட்டைப் பெட்டியும் போயிற்று. திருடன் அதற்குள் என்னவோ இருக்கிறது என்று நினைத்திருப்பான். இருந்தது பல் செட் செய்வதற்காக ஆட்களைக் கடிக்க வைத்து எடுத்த மாவு அச்சுகள்.

டாக்டர் கடைக்கு வந்தபோது அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "இருபத்தேழு பேர் பல்லுய்யா! இருபத்தேழு பேரையும் திருப்பிக் கூப்பிட்டுக் கடிக்கச் சொல்லணும்! நீங்கல்லாம் எதுக்குக் கடை வச்சிருக்கீங்க?"

தெருவில் போனவர்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். இருபத்தேழு பேர் பல் என்றதும் கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்புத்தான் பொறுக்கவில்லை. ஹார்னை நேராக பேட்டரியில் கொடுத்துப் பார்த்தேன், கத்தியது. அலாரம் பெட்டியும் சரியாக இருந்தது. நடுவில் வருகிற ஒயரில்தான் கரண்ட் வரவில்லை. அந்த ஒயரில் ஒரே ஒரு ஜாயின்ட். தகரச் சுவர் ஓட்டையைத் தாண்டி இரண்டு விரற்கடை தூரத்தில், இன்ஜின் பக்கம். இன்ஜின் பக்கம் என்றால் லெஃப்ட்டு.

"இவன் போட்டது டாக்டர். இவன் ஒழுங்கா வேல பாக்கல" என்று பத்துப் பேர் முன்னால் விரலை நீட்டினேன்.

லெஃப்ட்டு கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். "அந்த ஜாயின்ட் நான் போடல மாப்ள."

"அந்தப் பக்கம் உன்னுதுதானடா? பின்ன பேயா வந்து போட்டுச்சு?"

"டேப்பப் பிரிச்சுப் பாரு."

நான் பிரித்துப் பார்க்கவில்லை. அரை நிமிஷ வேலை. செய்யவில்லை. புது ஒயர் ஒன்றை அதே ஓட்டை வழியாக விட்டு, பெட்டிக்கும் ஹார்னுக்கும் நேராக மாட்டினேன். ஹார்ன் கத்தியது, டாக்டர் போனார், கூட்டம் கலைந்தது. பழைய ஒயர் உள்ளேயே கிடந்தது. லெஃப்ட்டு கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான். மேலே போய்த் தங்கச்சியிடம் சொல்லிக்கொண்டான். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. நாலு மணி நேரப் பயணத்தில் இருக்கிற வேறோர் ஊரில் இப்போது மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறான். என் மனைவி வருஷத்துக்கு இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவாள். லீவு விட்டால் எங்கள் மகளும் மாமா வீடு என்று ஓடிவிடுவாள். திரும்பி வந்து மாமா அப்படி, மாமா இப்படி என்று ஆரம்பித்தால் நான் எழுந்து கடைக்கு இறங்கிவிடுவேன்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

முதலில் ஹார்னை பேட்டரியில் நேராகக் கொடுத்தேன். தெருவே திரும்பிப் பார்த்தது. எதிர்க்கடைத் தையல்காரர் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டு என் பரம்பரையை விசாரித்தார். அப்படியானால் ஹார்ன் நன்றாக இருக்கிறது. அடுத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு ரிமோட்டில் பூட்டி, உள்ளே கையை விட்டுக் கதவைத் திறந்தேன். திருடன் வந்தான் என்று நினைத்துக்கொண்டு லைட்டெல்லாம் மின்னியது. ஹார்னுக்கு வருகிற ஒயரில் மீட்டரை வைத்தால் பன்னிரண்டு வோல்ட் காட்டுகிறது. மீட்டரை மட்டும் நம்புகிறவன் இந்த இடத்தில் மண்டையைப் பிய்த்துக்கொள்வான். நான் டெஸ்ட் பல்பை வைத்தேன். பல்பு சாகப்போகிற பீடி மாதிரி மங்கலாகச் சிவந்தது. ஒயர் எங்கேயோ ஓர் இழையில் தொங்குகிறது என்று அர்த்தம். மீட்டருக்கு அந்த ஓர் இழை போதும். பாரம் இழுக்கிற ஹார்னுக்குப் போதாது.

அந்த ஒயர் நான் அன்று கோபத்தில் விட்டது. ஓட்டையில் வைக்க வேண்டிய ரப்பர் வளையத்தைக்கூட நான் ஒழுங்காக வைக்கவில்லை. தகர விளிம்பு இருபத்திரண்டு வருஷமாக அதை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

அதை உருவிவிட்டுப் புதிது விட வேண்டும். தனி ஆளுக்கு அது பெரிய தொல்லை. டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துத் தள்ள வேண்டும், எழுந்து முன்னால் போய் இழுக்க வேண்டும், மறுபடியும் வந்து படுக்க வேண்டும். நாலாவது தடவை எழுந்தபோது முழங்கால் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியது. மேலே பார்த்துக் குரல் கொடுத்தேன். மனைவி ஈரக்கையோடு இறங்கி வந்தாள்.

"இந்தப் பக்கம் குனிஞ்சு, இந்த ஒயர மட்டும் பிடிச்சுக்க. நான் சொல்றப்ப இழு."

"கரண்டு அடிக்குமா?"

"அடிக்காது. பேட்டரிய கழட்டிட்டேன்."

"உங்கள நம்பித்தான் பிடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் குனிந்தாள்.

நான் உள்ளே படுத்தேன். தள்ளினேன். "வந்துச்சா?" என்றேன். அந்த வார்த்தையை அந்த இடத்தில் படுத்துக்கொண்டு சொல்லி எத்தனை வருஷம் ஆகிவிட்டது. நல்லவேளையாக அவளுக்கு என் முகம் தெரியாது.

"வருது, வருது" என்றாள். பிறகு, "என்னங்க, ரெண்டு ஒயரு சேர்ந்து வருதே. ஒண்ணுல கட்டி மாதிரி என்னமோ இருக்கு."

நான் தலையை நிமிர்த்தியதில் ஸ்டீயரிங் கம்பியில் நெற்றி இடித்தது. வெளியே வந்தேன். அவள் உள்ளங்கையில் அது கிடந்தது. கறுப்பு டேப் சுற்றின, சுண்டுவிரல் நீள ஜாயின்ட். அவள் அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுதானா அது?" என்றாள்.

"பழைய ஒயரு" என்றேன். இரண்டு பக்கமும் வெட்டி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அவள் வேறெதுவும் கேட்கவில்லை. புது ஒயரை விட்டு முடிக்கும்வரை கூடவே நின்று பிடித்துக்கொடுத்தாள். முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு மேலே போய்விட்டாள். சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

புது ஒயருக்குப் புது ரப்பர் வளையம் வைத்தேன். இரண்டு முனையிலும் பொறுமையாக ஈயம் வைத்தேன். மூக்குச் சளி மாதிரிதான் வந்தது, ஆனால் பிடித்தது. பேட்டரியை மாட்டி ரிமோட்டை அமுக்கினேன். கீக் கீக். பல்பும் பளிச்சென்று எரிந்தது. சட்டைப்பையில் இருந்ததைத் தொடவில்லை. குப்பையில் போட்டுவிடலாம், யார் கேட்கப்போகிறார்கள் என்று ஒரு தடவை தோன்றியது. அப்படித் தோன்றியதை மறைக்க விரும்பவில்லை. குப்பைக்கூடை வரைக்கும் போனேன்.

அஞ்சு மணிக்கு டாக்டர் மகள் வந்தாள். ரிமோட்டை அமுக்கினாள். சத்தம் வந்ததும் சின்னப் பிள்ளை மாதிரி இன்னும் மூன்று தடவை அமுக்கினாள். எதிர்க்கடைத் தையல்காரர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எங்களையே பார்த்தார்.

"தேங்க்ஸ் சார்" என்றவள் கிளம்பாமல் நின்றாள். "அந்த இன்னொருத்தர், இடது கையால வேல செய்வாரே, அவரு இப்ப எங்க இருக்காரு? அப்பா கேட்டுட்டு வரச் சொன்னாரு."

"ஏன்?"

"ஏதோ பல்லு அச்சு திருடு போன விஷயத்துல அப்பா ரொம்பக் கத்திட்டாராம். அதனால அந்த ஆளு கடைய விட்டே போயிட்டாருன்னு பின்னாடி கேள்விப்பட்டிருக்காரு. என்னாலதான் ஒருத்தன் பொழப்பு போச்சுன்னு இப்பவும் சொல்லிட்டே இருப்பாரு. அவரப் பாத்தா மன்னிச்சுக்கச் சொல்லுங்க சார்."

நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. கண் தெரியாத ஒரு மனிதர் எங்கேயோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என் பாவத்தைத் தன் பாவம் என்று சுமந்துகொண்டிருக்கிறார். இதைக் கேட்டபிறகும் சட்டைப்பையில் இருப்பதைப் பிரிக்காமல் இருந்தால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது.

கார் தெருமுனை திரும்பியதும் மேஜை முன் உட்கார்ந்து அதை எடுத்தேன். டேப் இளகிப் பிசினாகியிருந்தது. நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. விரலெல்லாம் கறுப்பு. உள்ளே செம்பு பச்சை பூத்துப் போயிருந்தது. ஈயம் பொட்டுக்கூட இல்லை. அதைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, லெஃப்ட்டு தன் வாழ்நாளில் ஈயம் வைக்காமல் ஒரு ஜாயின்ட்டை மூடியவன் இல்லை. இருந்தாலும் கம்பியைத் தடவிப் பார்த்தேன்.

வலது முறுக்கு. என் கை.

அப்புறம் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அலாரம் மாட்டின அன்று மத்தியானம் லெஃப்ட்டு கடையில் இல்லை. டாக்டர் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒயர் ஒரு சாண் குறைந்தது. நானே எழுந்து முன்னால் போய், ஒட்டுப்போட்டு, முறுக்கி, டேப்பைச் சுற்றினேன். லெஃப்ட்டு வந்ததும் ஈயம் வைக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவன் வருவதற்குள் டாக்டர் போய்விட்டார், அடுத்த வண்டி வந்துவிட்டது. இதை எப்படி மறந்தாய் என்று கேட்பீர்கள். விரலை நீட்டுகிற நேரத்தில் அது எனக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

மேலே போனேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அந்தத் துண்டை அவள் முன்னால் கட்டிலில் வைத்தேன்.

"நான் போட்டது" என்றேன். "உங்கண்ணன் போட்டது இல்ல. மாட்டின அன்னிக்கு மத்தியானம் அவன் கடையிலயே இல்ல. எங்கயோ போயிருந்தான்."

"எங்கயோ இல்ல. என்கூட ஆஸ்பத்திரியில இருந்தாரு" என்றாள், மடிப்பை நிறுத்தாமல். "மாசமா இருந்தேன்ல, காட்டிட்டு வரணும்னு உங்களக் கூப்பிட்டேன். பல் டாக்டர் வண்டி நிக்குது, உங்கண்ணன கூட்டிட்டுப் போன்னு சொன்னீங்க."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

இப்போது கையை நிறுத்தினாள். "சொன்னேங்க. அன்னிக்கு ராத்திரி சொன்னேன். மறுநாளும் சொன்னேன். தட்டத் தூக்கி வீசுனீங்க. வயித்துல பிள்ளைய வச்சுட்டு மூணாவது தடவ சொல்ல எனக்குத் தெம்பு இல்ல."

தட்டு எனக்கு ஞாபகம் இருக்கிறது. சோறு தரையெல்லாம் சிதறி, அவள் குனிய முடியாமல் குனிந்து பொறுக்கினாள். அவள் எதற்காக வாயைத் திறந்தாள் என்பதுதான் ஞாபகத்தில் இல்லை. என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

"உங்கண்ணனுக்கு ஒரு போன் போட்டுக் குடு" என்றேன்.

அவள் நம்பாமல் பார்த்தாள். பிறகு எண்ணை அழுத்தி, மணி அடிக்க ஆரம்பித்ததும் என் கையில் கொடுத்தாள்.

"சொல்லு பாப்பா" என்றது அந்தப் பக்கம். குரல் கொஞ்சம் தடித்திருந்தது. மற்றபடி அதே குரல்.

"நான்தான்."

பின்னால் ஓடிக்கொண்டிருந்த ஏதோ மெஷின் நின்றது. "தங்கச்சிக்கு என்ன ஆச்சு?" என்றான் பதறி. என் குரல் கேட்டால் வீட்டில் யாரோ விழுந்துவிட்டார்கள் என்றுதான் அவனால் நினைக்க முடிந்தது.

"அவ நல்லாத்தான் இருக்கா. யாருக்கும் ஒண்ணுமில்ல. பல் டாக்டர் காரு இன்னிக்குக் கடைக்கு வந்துச்சு. பழைய ஒயரு உள்ளயே கெடந்துச்சு. டேப்பப் பிரிச்சேன்."

"ம்."

"வலது முறுக்கு. ஈயம்கூட இல்ல. நான்தான் போட்டிருக்கேன் மச்சான். தப்பு முழுக்க என்னுது. பத்துப் பேரு முன்னாடி உன்னச் சொன்னேன். என்ன மன்னிச்சுரு."

அவன் அழுவானோ என்று நினைத்தேன். அழவில்லை. குரல் நிதானமாக இருந்தது.

"ஒயரு சொன்னதும் நம்பிட்ட. நான் சொன்னப்ப நம்பல."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மழுப்பாம சொல்லு. அது இடது முறுக்கா இருந்திருந்தா, இன்னிக்கு எனக்குப் போன் பண்ணியிருப்பியா?"

மனைவி எதிரில் நின்றுகொண்டிருந்தாள். போனில் பேசுவது அவளுக்கும் கேட்டது. பண்ணியிருப்பேன் என்று சொல்வது ரொம்ப சுலபம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் இவனிடம் இன்னும் ஒரு பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"மாட்டேன்" என்றேன். "பண்ணியிருக்க மாட்டேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சரி" என்றான் லெஃப்ட்டு. ஒரு பெருமூச்சு கேட்டது. "ஞாயித்துக்கிழம வரேன்."

"வா மச்சான், நானே பஸ்ஸ்டாண்டுக்கு வந்து…"

"உன்னப் பாக்க வரல. என் தங்கச்சியப் பாக்க வரேன். நீ பஸ்ஸ்டாண்டுக்கும் வர வேணாம், மாடிக்கும் வர வேணாம். கடையிலயே இரு."

"சரி" என்றேன். போனை வைத்துவிட்டான்.

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். நியாயம்தான். இதைவிட அதிகமாகக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மேலே பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் கீழே பூட்டின கடைக்குள் பழைய ஒயர்களோடு உட்கார்ந்திருப்பேன். அவள் சந்தோஷமாக இருந்தால் போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

"அண்ணன் கடைசியா என்னமோ சொன்னாரே, சரியாக் கேக்கல" என்றாள்.

"ஞாயித்துக்கிழம வரானாம். உன்ன மட்டும்தான் பாப்பானாம். நான் மேல வரக் கூடாதாம், கடையிலயே இருன்னுட்டான்."

அவள் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, துடைக்காமல் சிரிக்கிறாள்.

"இதுல சிரிக்க என்ன இருக்கு?" எனக்கு இந்த நேரத்திலும் சுர்ரென்று வந்தது.

"ஏங்க, நம்ம வீட்டுக்கு ஏற வேற படி எங்க இருக்கு? கடைக்குள்ள வந்து, உங்களத் தாண்டித்தான அண்ணன் மேல வரணும்? கடைக்குள்ள படிய வைடான்னு அன்னிக்கு மேஸ்திரியோட சண்டை போட்டதே அவருதாங்க."